அலைக்கற்றையை ஏலம் விட்டால் நம் மலைக்குச் சிக்னல் வருமா?

ஹட்டன் கடைக்காரன்:
"இந்தியாவைப் போல இலங்கையிலும் கைபேசிச் சேவைக்கான அலைக்கற்றை முழுவதையும் பகிரங்க ஏலத்தில் விட்டால் மலையகத் தோட்டப் பகுதிக்கும் நல்ல சேவை வந்துவிடும்" என்று பொகவந்தலாவைத் தம்பி நேற்று எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. என் கடை வாசலில் ஒரு காலத்தில் ஐந்து கைபேசி நிறுவனங்களின் பலகைகள் தொங்கின. 2018இல் எடிசலாட் ஹச்சுடன் சேர்ந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்தது. இப்போது மூன்றுதான். இந்தியாவிலும் பத்துக்கு மேல் இருந்தவை, தனியார் மூன்றும் அரசின் பிஎஸ்என்எல்லுமாகச் சுருங்கிவிட்டன. அவற்றை விழுங்கியது போட்டி மட்டுமல்ல. நேற்றுச் சொன்ன விதியை இன்று மாற்றுகிற பழக்கமும் சேர்ந்துதான் விழுங்கியது.

நோர்வேயின் டெலினோர் நிறுவனம் 2009இல் யுனிடெக் வயர்லெஸில் பங்கு வாங்கி இந்தியாவுக்குள் வந்தது. அரசு கையெழுத்திட்ட உரிமத்தை நம்பித்தான் வந்தது. 2012 பெப்ரவரி 2ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை இரத்துச் செய்தபோது இவர்களுடைய 22 உரிமங்களும் போயின. அதே ஆண்டு ஆறு வட்டாரங்களுக்கான அலைக்கற்றையை ஏலத்தில் மறுபடியும் வாங்கினார்கள். 2018இல் எல்லாவற்றையும் எயார்டெல்லிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கோபுரம் கட்டுகிறவன் பத்து வருடக் கணக்குப் பார்த்துத்தான் கட்டுவான்.

பொகவந்தலாவைத் தம்பி:
அண்ணே, உரிமங்கள் ஏன் இரத்தாயின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2008 ஜனவரியில் அவை 2001ஆம் ஆண்டு விலைக்கே கொடுக்கப்பட்டன. இந்தியா முழுவதற்குமான உரிமம் 1,658 கோடி இந்திய ரூபாய். முதலில் வருகிறவருக்கே முதலில் என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தின் கடைசி நாளைத் திடீரென்று 2007 செப்டெம்பர் 25ஆம் திகதி என்று ஆக்கினார்கள். 122இல் 85 உரிமங்கள் தகுதியில்லாதவர்களுக்குப் போனதாகக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை சொன்னது. அப்படியானால் விதியை மாற்றியது நீதிமன்றமா, அமைச்சா? 2010இல் 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டபோது 67,719 கோடி வந்தது. அலைக்கற்றை மக்களின் சொத்து. அதை மூடிய அறைக்குள் பங்குபோட எவருக்கும் உரிமையில்லை.

ஹட்டன் கடைக்காரன்:
அந்த உரிமங்களைக் கொடுத்ததில் ஊழல் என்று தொடுத்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட எல்லாரையும் 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் விடுதலை செய்ததையும் எழுதியிருக்கலாம். சரி, ஊழல் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதே உச்ச நீதிமன்றத்தின் 2019 ஒக்டோபர் 24ஆம் திகதித் தீர்ப்புக்கு என்ன சொல்வீர்கள்? நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் உரிமக் கட்டணத்தில், 1999இல் நிலையான தொகையை விட்டு, வருமானத்தில் பங்கு என்ற முறைக்கு வந்தார்கள். 'வருமானம்' என்றால் எது? வாடகையும் வட்டியும் சேருமா? பல வருடங்கள் வழக்காடிய பிறகு, சேரும் என்று தீர்ப்பு வந்தது. நிறுவனங்கள் கட்ட வேண்டிய நிலுவை ஏறத்தாழ 92,000 கோடி. அதில் பெரும்பகுதி அசல் அல்ல. வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி. 2021இல் அரசே இறங்கி வந்து அந்த வரைவிலக்கணத்தை மாற்றியது, ஆனால் இனிவரும் காலத்துக்கு மட்டும்.

பொகவந்தலாவைத் தம்பி:
ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் அவர்கள்தான். வருமானம் பெருகியபோது இனித்த பங்கு முறை, கட்டணம் கேட்டதும் கசந்துவிட்டதா?

லிந்துலை டீச்சர்:
நீங்கள் இருவரும் கோடிகளை எண்ணுகிறீர்கள். எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவில் கொரோனா காலத்தில் பிள்ளைகள் இணையப் பாடத்துக்காக லயத்து வீடுகளை விட்டு மலையுச்சிக்கு ஏறினார்கள். அட்டைக்கடியும் மழையும் வாங்கிக்கொண்டுதான் ஏறினார்கள். அதனால் ஒன்று கேட்கிறேன். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலை தூரம் போகும், சுவரையும் ஊடுருவும், குறைந்த கோபுரங்களே போதும். மலைக்கும் கிராமத்துக்கும் அதுவே பொருத்தமானது. இந்தியாவில் 2016இல் அதை ஏலத்துக்கு வைத்தார்கள். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அடிப்படை விலை 11,485 கோடி. ஒருவரும் வாங்கவில்லை. 2021இலும் விலைபோகவில்லை. விலையைப் பெரிதாகக் குறைத்த பிறகு 2022இல்தான் ஜியோ வாங்கியது. ஆறு வருடங்கள் அந்த அலை யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. அலைக்கற்றை நிலக்கரி அல்ல, பிறகு தோண்டி எடுத்துக்கொள்ள. பயன்படுத்தாத நாள் போனது போனதுதான். தம்பி, ஏலம் நேர்மையாகவே நடந்தது. அதனால் எந்த மலைப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

ஹட்டன் கடைக்காரன்:
டீச்சர் சொன்னது சரி. நான் சொன்ன பத்து வருடக் கணக்கு நம் தேயிலைக்கும் பொருந்தும். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது முதலில் ஐந்து வருட நிர்வாக ஒப்பந்தம்தான். ஐந்து வருடத்தில் போகப்போகிறவன் மறுநடுகைக்குப் பணம் போடுவானா? பிறகுதான் ஐம்பது வருடத்துக்கும் மேலான குத்தகை வந்தது. கோபுரமும் அப்படித்தான்.

பொகவந்தலாவைத் தம்பி:
அண்ணே, அந்த உதாரணம் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. நீண்ட குத்தகை கிடைத்த பிறகும் எங்கள் பக்கத்தில் எத்தனை மலையில் இன்னும் விதையில் முளைத்த, விளைச்சல் குறைந்த பழைய தேயிலை நிற்கிறது? என் அம்மா அந்தச் செடிகளில்தான் கொழுந்து பறித்தார். காலத்தை மட்டும் கொடுத்தால் கம்பனி பழைய செடியையே கறக்கும். இத்தனை வருடத்தில் இத்தனை ஏக்கர் நட வேண்டும், நடாவிட்டால் நிலம் திரும்ப வரும் என்று எழுதியிருக்க வேண்டும்.

லிந்துலை டீச்சர்:
அதைத்தான் அலைக்கற்றை உரிமத்திலும் எழுதச் சொல்கிறேன். எந்தப் பிரிவுக்கு எத்தனை மாதத்தில் சேவை என்று, தோட்டத்தின் பெயர் போட்டு எழுத வேண்டும். "சனத்தொகையில் இத்தனை வீதம்" என்று எழுதினால் கம்பனி நுவரெலியா நகரையும் ஹட்டன் நகரையும் காட்டிவிட்டுக் கணக்கை முடித்துவிடும்.

ஹட்டன் கடைக்காரன்:
எழுதட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் ஏலத்துக்கு முன்பே எழுதட்டும். பணம் கட்டிய பிறகு புதிய நிபந்தனை வந்தால் அது மறுபடியும் இந்தியக் கதைதான்.

பொகவந்தலாவைத் தம்பி:
2012 தீர்ப்பு சரியென்றே இப்போதும் சொல்கிறேன், அதில் மாற்றமில்லை. அடிப்படை விலை விடயத்தில் டீச்சர் சொன்னதை ஏற்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். டீச்சர், உங்கள் பக்கத்தில் எந்தெந்தப் பிரிவில், எந்தெந்த லயத்தில் சிக்னல் இல்லை என்று எழுதித் தாருங்கள். அண்ணே, உங்கள் கடைக்கு வந்து குறை சொல்கிறவர்கள் எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறார்கள் என்று ஒரு மாதம் குறித்துவையுங்கள்.