'பேர் அவுட்' (bear out): 'கன்ஃபர்ம்' வரும் இடத்திலெல்லாம் போடலாமா?

கேள்வி:
ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் 'த டேட்டா டஸ் நாட் பேர் திஸ் அவுட்' என்று வருகிறது. அகராதியில் 'உறுதிப்படுத்து' என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் 'ப்ளீஸ் பேர் அவுட் மை டிக்கெட்' என்று மெயில் எழுதலாமா? இறந்தகாலம் 'போர்' அவுட்டா, 'போர்ன்' அவுட்டா?

பதில் 1:
டிக்கெட்டுக்கு வரவே வராது, அங்கே 'கன்ஃபர்ம்'தான். முதலில் யாராவது ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். அது சரிதான் என்று பிறகு கிடைக்கும் சான்று காட்ட வேண்டும். அப்போதுதான் 'பேர் அவுட்'. அதனால் டேட்டா, ஃபேக்ட்ஸ், ரிசல்ட்ஸ் மாதிரியான சொற்களே எழுவாயாக வரும்.

1682-ல் தெரிந்த வால்நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பும் என்று வானியலாளர் எட்மண்ட் ஹாலி கணித்தார். 1742-ல் இறந்துவிட்டார். 1758 கிறிஸ்துமஸ் இரவில் அது கண்ணில் பட்டது. 'இட்ஸ் ரிட்டர்ன் போர் அவுட் ஹாலீஸ் ப்ரெடிக்‌ஷன்.' சாட்சி சொன்னது அந்த வால்நட்சத்திரம்.

பதில் 2:
பேர், போர், போர்ன் (bear, bore, borne). செயப்பாட்டு வினையில் 'வாஸ் போர்ன் அவுட் பை த ஃபேக்ட்ஸ்'. இந்த 'போர்ன்' கடைசியில் 'ஈ' எழுத்து கட்டாயம். 'ஈ' இல்லாவிட்டால் 'பிறந்த' என்று பொருள் மாறிவிடும். 'போர்ன் அவுட் ஆஃப் நெசஸிட்டி' என்றால் தேவையிலிருந்து பிறந்தது. இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே, இரண்டும் சரியான சொற்கள் என்பதால் ஸ்பெல்செக்கும் பெரும்பாலும் விட்டுவிடும். பின்னால் 'பை' வந்தால் 'ஈ' உண்டு, 'ஆஃப்' வந்தால் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
முதல் பதிலோடு ஒன்று சேர்க்கணும். ஆளும் எழுவாயாக வரலாம்: 'ராஜா வில் பேர் மீ அவுட்', அதாவது நான் சொல்றது சரின்னு ராஜாவும் சொல்வான். 'மீ', 'திஸ்', 'இட்' எல்லாம் நடுவில்தான் வரணும். 'பேர் அவுட் மீ' தப்பு. 'பேர் வித் மீ' வேற, கொஞ்சம் பொறுங்கன்னு அர்த்தம்.

நீங்க கேட்ட வரியைத் தமிழில் 'தரவுகள் இதை உறுதிப்படுத்தவில்லை' என்பதைவிட 'தரவுகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை' என்று எழுதினால் இயல்பாக இருக்கும்.

கேட்டவர்:
நன்றி. 'த சர்வே போர்ன் அவுட் ஹிஸ் க்ளைம்' சரியா?

பதில் 2:
இல்லை. 'போர் அவுட்', அல்லது 'ஹேஸ் போர்ன் அவுட்'. 'ஹேஸ்' இல்லாமல் அங்கே 'போர்ன்' நிற்காது.