வீட்டுப் பட்டறைக்கு ஏர் கம்ப்ரசர்: 24 லிட்டர் போதுமா?

கேள்வி (பாம்பன்):
வீட்டுக்குப் பின்னாடி சின்னப் பட்டறை. கதவு, மரச்சாமானுக்கு ஸ்பிரே பெயிண்ட், அவுட்போர்டு இன்ஜின் கார்புரேட்டர் ஊதுறது, வண்டிக்குக் காத்து, இவ்வளவுதான் வேலை. ஆயில் இல்லாத 1 ஹெச்.பி., 24 லிட்டர் ஒண்ணு பார்த்தேன். பெல்ட் போட்ட 2 ஹெச்.பி., 50 லிட்டரும் இருக்கு. சாயங்காலம் கரண்ட் 190 வோல்ட்டுக்கு இறங்கிடும். எதை எடுக்கலாம்?

பதில் (ராமநாதபுரம்):
ஊதவும் காத்தடிக்கவும் 24 லிட்டரே போதும். ஸ்பிரேன்னு சொன்னதால பெல்ட்தான் தம்பி.

ஹெச்.பி.யையும் டேங்கையும் விடுங்க, சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து) கேளுங்க. கடையில சொல்றது பெரும்பாலும் டிஸ்பிளேஸ்மென்ட் கணக்கு, அதாவது பிஸ்டன் நகர்ற இடத்தோட அளவு. சின்ன சிங்கிள் ஸ்டேஜ் (காத்தை ஒரே தடவையில அழுத்துற) பம்புல நிஜமா கைக்கு வர்றது (எஃப்.ஏ.டி.) அதுல 60-70 சதவீதம். 7 சி.எஃப்.எம்.னா 4.5, மிஞ்சினா 5.

24 லிட்டர் டேங்க் 8 பார் அழுத்தத்துலேர்ந்து 6 பாருக்கு இறங்கினா வெளிய வர்ற காத்து 48 லிட்டர். 5 சி.எஃப்.எம். இழுக்குற ஸ்பிரே கன் நிமிஷத்துக்கு 140 லிட்டர் குடிக்கும். ஆக 20 விநாடி! 50 லிட்டர்லயும் 40 விநாடிக்குக் கொஞ்சம் மேலதான். மீதியைப் பம்பு தரணும், டேங்க் தராது.

கன் எல்.வி.எல்.பி. (கம்மி காத்து, கம்மி அழுத்தம்) எடுங்க, 1.3 இல்லன்னா 1.4 எம்.எம். நாசில். ஹெச்.வி.எல்.பி.ல (நிறைய காத்து, கம்மி அழுத்தம்) பல மாடல் 10 சி.எஃப்.எம். வரைக்கும் கேக்கும், 2 ஹெச்.பி. திணறும்.

கேள்வி (பாம்பன்):
சரிண்ணே. 190 வோல்ட்டுல 2 ஹெச்.பி. ஓடுமா?

பதில் (தொண்டி):
ஓடுறது பிரச்சினை இல்ல, கிளம்புறதுதான். ஸ்டார்ட்டிங் டார்க் (கிளம்புறப்போ மோட்டார் சுத்துற விசை) வோல்ட்டேஜோட வர்க்கத்துல குறையும். 230க்குப் பதிலா 190ன்னா மூணுல ஒரு பங்கு போச்சு. மோட்டார் உறுமிக்கிட்டே நிக்கும், கெப்பாசிட்டர் போகும். ஸ்டெபிலைசர்னா 5 கே.வி.ஏ.வாவது வேணும், அந்தக் காசுக்குப் பகல்ல வேலை பார்த்துட்டுப் போகலாம்.

போர்டுலேர்ந்து தனி லைன் 4 ஸ்கொயர் எம்.எம்., 16 ஆம்ப் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணவே வேணாம். தூரம் வேணும்னா ஓஸை நீட்டுங்க.

வாங்கும்போது டேங்கை நிரப்பி மோட்டார் தானா கட்-ஆஃப் ஆக விடுங்க. நின்னதும் "டுஸ்"னு ஒரு தடவை காத்து விடணும், அது அன்லோடர், பம்புல தங்கின அழுத்தத்தை இறக்கி விடுறது. சத்தமே வரலைன்னா அடுத்த ஸ்டார்ட் அழுத்தத்தோட போராடும். விடாம கசிஞ்சா செக் வால்வு (டேங்க் காத்து திரும்பி வராம தடுக்குறது) சரியில்ல.

பதில் (கீழக்கரை):
உப்பை யாரும் சொல்லலையே. பாம்பன்ல வாடைக்காத்து அடிச்சாலும் உப்பு, கச்சான் காத்து அடிச்சாலும் உப்பு. உறிஞ்சுற ஃபில்டர் சுவர்ப் பக்கம் இருக்கட்டும். வேலை முடிஞ்சதும் அடி வால்வைத் திறந்து தண்ணியை வடிச்சிருங்க. ஈரத்தை விட்டா டேங்க் உள்ளேர்ந்தே துருப்பிடிக்கும், வெளிய தெரியாது. செகண்ட் ஹேண்ட்ல வடிக்கும்போது துருச் செதில் வந்தா வாங்காதீங்க.

வாட்டர் ட்ராப்பை (காத்துல வர்ற தண்ணியைப் பிடிக்குறது) கம்ப்ரசர் வாய்லயே மாட்டினா பிரயோஜனமில்ல. அங்க காத்து சூடு, தண்ணி ஆவியாவே தாண்டிப் போயிரும். 10 மீட்டர் ஓஸ், 8 எம்.எம். உள்விட்டம், கன்னுக்குக் கிட்ட ட்ராப். பெயிண்ட்ல கண்ணு கண்ணா குழி விழுந்தா ஆயில் கலந்திருக்கு, பிஸ்டன் ரிங்கைப் பாருங்க. ஊத்துறது கம்ப்ரசர் ஆயில் மட்டும், வண்டி ஆயில் கூடாது.

காத்து லைனுக்கு பி.வி.சி. பைப் போடாதீங்க. அழுத்தத்துல உடைஞ்சா சில்லு சில்லா தெறிக்கும்.