அரச அலுவலகத்தில் தகவல் கேட்ட அனுபவம்: கொழும்பு ஆட்கள் எழுதுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

எங்கள் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி எழும்பிய நாளிலிருந்து, மழை பெய்தால் தண்ணீர் வடியாமல் வீட்டு வாசலில் நிற்கிறது. கட்டட அனுமதி கொடுத்த அலுவலகத்தில் போய்க் கேட்டால், "பிளான் எல்லாம் வெளியாட்களுக்குக் காட்டுறதில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டேன்.

கவுண்டரில் முதல் கேள்வியே "எதுக்கு உங்களுக்கு?" என்பதுதான். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதை அந்த மிஸ்ஸிடம் மரியாதையாகவே சொன்னேன். உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, என் கையிலிருந்த பிரதியின் மூலையில் திகதி முத்திரை குத்திக் கையெழுத்து வைத்துத் தந்தார். இதைக் கேட்டு வாங்காமல் வந்துவிடாதீர்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாட்கள். அது எப்போது தொடங்கியது என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த முத்திரைதான்.

"ஏன் தண்ணீர் நிற்கிறது?" என்று கேட்டால் ஒரு விளக்கக் கடிதம் வரும், அல்லது அதுவும் வராது. நான் கேட்டது தாள்களை: அங்கீகரித்த வரைபடத்தில் வடிகால் வரும் பக்கம், அனுமதியோடு போட்ட நிபந்தனைகள், வந்து பார்த்த அலுவலர் எழுதிய குறிப்பு. பைலில் இருக்கும் தாளைப் பெயர் சொல்லிக் கேட்டால் மழுப்புவது கஷ்டம்.

அப்படியும் மறுத்தார்கள். மூன்றாம் தரப்பின் வர்த்தக விடயமாம். 14 நாட்களுக்குள், அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்தேன், பதிலே இல்லை. பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பௌத்தாலோக மாவத்தையில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டப வளாகத்தில் விசாரணை. மேசைக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அலுவலகத்து ஆட்கள். சட்டத்தரணி தேவைப்படவில்லை. மழைத்தண்ணீர் ஓடும் வழி எப்படி வர்த்தக இரகசியமாகும் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

வரைபடம் கைக்கு வந்தது. மதில் ஓரமாக வடிகாலுக்கு விட்டிருந்த இடத்தில் இன்று கார் நிறுத்துகிறார்கள். அந்தத் தாளை இணைத்துத்தான் இப்போது முறைப்பாடு போட்டிருக்கிறோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நான் தமிழில் எழுதினேன், பதில் சிங்களத்தில் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணாவிடம் கொடுத்து வாசித்து விளங்கிக்கொண்டிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி, தமிழில் தாருங்கள் என்று பதிவுத் தபாலில் திருப்பி எழுதினேன். தாமதமாகத்தான் வந்தது, ஆனால் தமிழில் வந்தது. யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்த அலுவலகங்களில் தமிழ் தெரிந்த ஓர் ஆளையாவது வைப்பார்கள்.

மட்டக்குளியிலிருந்து:

எங்கள் அம்மாவுக்கு எழுத வராது. பழைய வீட்டை எடுத்துக்கொண்டு தொடர்மாடியில் வீடு கொடுத்தார்கள். மாதாமாதம் கட்டிய காசு எவ்வளவு கணக்கில் ஏறியிருக்கிறது, வீட்டு உறுதிப்பத்திரம் எப்போது தருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. "படிவம் நிரப்பிக்கொண்டு வாங்கோ அம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி அனுப்ப முடியாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் போதும், தகவல் அலுவலர்தான் அதை எழுதி எடுக்க வேண்டும். நான் கூடப் போய் அந்தப் பிரிவைக் காட்டினேன். அம்மா சொல்லச் சொல்ல ஒரு தம்பி இருந்து எழுதினார், நல்ல பிள்ளை. கணக்கு விபரம் வந்துவிட்டது. கட்டிய சில மாதங்கள் அதில் ஏறவே இல்லை. பற்றுச்சீட்டுகளை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்ததால் அதையும் திருத்த முடிந்தது.

பொரளையிலிருந்து:

பைல் தொலைந்துவிட்டது என்று சொன்னால் என்ன செய்வது?

வெள்ளவத்தையிலிருந்து:

அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஆவணங்களைப் பாதுகாத்து வைப்பது அவர்களுடைய சட்டக் கடமை. வேண்டுமென்றே அழித்தால் அது குற்றம். 50,000 ரூபா வரை தண்டப்பணம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். எழுதித் தாருங்கள் என்று கேட்டதுமே சில பைல்கள் கிடைத்துவிடுகின்றன.

வத்தளையிலிருந்து:

என் கதை வேறு மாதிரி. 2008இல் கொழும்பில் வைத்து அண்ணாவைக் கூட்டிப்போனார்கள். அப்பா அன்றே பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். அந்த முறைப்பாட்டின் பிரதியும், அதன்பின் என்ன செய்தார்கள் என்ற குறிப்புகளும் கேட்டேன். அப்பாவின் வாக்குமூலம் கிடைத்தது. அவர் இப்போது இல்லை. அவருடைய கையெழுத்தை அந்தப் பிரதியில்தான் திரும்பவும் பார்த்தேன். மற்றதெல்லாம் தேசிய பாதுகாப்பு என்று மறுத்துவிட்டார்கள். இனியும் போவதில் பலன் இருக்குமா?

வெள்ளவத்தையிலிருந்து:

போங்கள் தங்கச்சி. தேசிய பாதுகாப்பு என்ற சொல்லை எழுதிவிட்டால் அதோடு முடிந்தது என்றில்லை. பிரிவு 5(4) இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநலன், அதனால் ஏற்படும் தீங்கைவிடப் பெரிதென்றால் தகவலைக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பிரிவை மேன்முறையீட்டில் பெயர் சொல்லியே எழுதுங்கள். காணாமல் போன ஒருவரைத் தேடிப் பொலிஸ் என்ன செய்தது என்பதைவிடப் பெரிய பொதுநலன் எனக்குத் தெரியவில்லை. முழுவதும் தர முடியாது என்றால், தரக்கூடிய பகுதியையாவது பிரித்துத் தரக் கேளுங்கள். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

குறித்தளிக்கப்பட்ட அலுவலரும் கைவிரித்தால் ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாத அவகாசம்தான், அதைத் தவறவிடாதீர்கள். கடிதத்தை அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள், சேர்ந்து பார்ப்போம். விசாரணை நாளில் தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன்.