பிரேக் பெடல் தரை தட்டுகிறது, இரண்டாம் கியர் கரகரக்கிறது: டிஸ்க், கியர் பாக்ஸ் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள்

மூன்றாம்கியர்:
வண்டி 1.4 டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், ஐந்து கியர் மேனுவல், 145 குதிரைத்திறன், 71,000 கி.மீ. ஓடியது. பெயர் போடவில்லை, போட்டால் அந்தக் கம்பெனியைத் திட்டுகிற கோஷ்டியும் தாங்குகிற கோஷ்டியும் வந்துவிடும், எனக்குப் பதில் கிடைக்காது.

போன மாதம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டினேன். நான்காவது சுற்றில் பிரேக் பெடல் பாதிக்குக் கீழே போய்விட்டது, இரண்டு தடவை பம்ப் செய்தால்தான் பிடித்தது. பயந்துபோய் உள்ளே கொண்டுவந்து, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் அப்படியே ஐந்து நிமிடம் நின்றேன். மறுநாள் காலையில் பெடல் ஏறக்குறைய சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து 100லிருந்து 60க்கு அழுத்தினால் ஸ்டீயரிங் உதறுகிறது.

அடுத்த வாரம் வால்பாறை போய் இறங்கும்போது இன்னொரு தொல்லை. ஆழியாறு பக்கம் நாற்பது கொண்டை ஊசி வளைவு, பாதி தாண்டியதும் இரண்டாம் கியர் கரகர என்று சத்தம் போட்டுக்கொண்டு விழுந்தது. கீழே வந்து நிறுத்தி ரிவர்ஸ் போட்டால் அதைவிட மோசம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் இரண்டாம் கியர் லேசாகக் கரகரக்கும், ஆனால் அது ஒரு வருடமாகவே இருப்பது.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டிஸ்க் கோணிவிட்டது, கியர் பாக்ஸை இறக்கி சின்க்ரோ (கியர் விழும்போது வேகத்தைச் சமன் செய்கிற வளையம்) மாற்ற வேண்டும், எல்லாம் சேர்த்து 68,000 என்றார்கள். ஒரு கருவியைக்கூடக் கையில் எடுக்கவில்லை, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்ததோடு சரி. பணம் கட்டுவதற்கு முன்னால் நானே எதைப் பார்த்துக்கொள்ளலாம்?

பழைய_கிளட்ச்:
தம்பி, பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அதன் மேல்பாகத்திலிருந்து சின்னதாக ஒரு ரப்பர் குழாய் கிளட்ச் பக்கம் போகிறதா? நிறைய வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். கிளட்ச் குழாயை மேலே வைத்திருப்பதற்குக் காரணம், கிளட்சில் கசிந்து ஆயில் குறைந்தாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்பதுதான். ஆகவே நீங்கள் சொல்கிற இரண்டு வியாதிக்கும் ஒரே ஆயில் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றி எத்தனை வருடம் ஆச்சு?

டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் குடித்த பிறகு அதற்கான கணக்கு 155 டிகிரி. டிராக்கில் நாலு சுற்று அடித்தால் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) பக்கம் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமே இல்லை. ஆயில் கொதித்தால் உள்ளே ஆவி, ஆவி அமுங்கும், பெடல் கீழே போகும். ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், அதனால்தான் மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போயிருந்தால் காலையிலும் தெரியும்: எஞ்சினை ஓடவிட்டு பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் உள்ளே வாஷர் கசிகிறது. இறங்காவிட்டால் அதை மறந்துவிடலாம்.

கியருக்கு வருகிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி விழுந்தால் கியர் லிவரைப் பெட்டியோடு இணைக்கிற லிங்கேஜில் கோளாறு இல்லை. அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஐடிலில் கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். நிறையப் பெட்டிகளில் ரிவர்சுக்கு சின்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுதாக விட்டிருந்தால் ஐந்து விநாடியில் உள்ளே சுற்றுவது நின்றிருக்கும், சத்தம் வரக் கூடாது. வந்தால் கிளட்ச் விடவில்லை என்று அர்த்தம், கியர் பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள். வண்டி சூடாக இருக்கும்போதுதான் இந்தச் சோதனை செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

டயல்கேஜ்:
மேலே அண்ணன் சொன்னது சரி, உதறலைப் பற்றி மட்டும் நான். டிஸ்க் கோணிவிட்டது என்று சொல்கிற பத்து இடத்தில் ஒரு இடத்திலாவது அளந்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். நீங்கள் கொதிக்கக் கொதிக்க உள்ளே வந்து பிரேக்கை அழுத்தியபடி நின்றீர்கள் இல்லையா, பேடு மருந்து அந்த இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், தோசைக்கல்லில் மாவு ஒட்டுகிற மாதிரி. அந்த இடம் சுற்றி வரும்போதெல்லாம் பிடிப்பு மாறும், அதுதான் உதறல். மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் தடிமன் பாருங்கள். 0.02 மி.மீ. வித்தியாசமே கையில் தெரியும். அப்படியே டிஸ்க்கில் பொறித்திருக்கிற குறைந்தபட்சத் தடிமனையும் பார்த்துவிடுங்கள், அதற்குக் கீழே என்றால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

வீலைக் கழற்றும்போது ஹப் முகத்தில் துரு இருந்தால் ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். நட்டுகளை ஏர் கன்னில் அடிக்க விடாதீர்கள், டார்க் ரெஞ்ச். சிலர் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கருமலை:
எல்லோரும் ஆயில் ஆயில் என்கிறீர்கள், காலைக் குளிரில் ஒரு வருடமாகக் கரகரக்கிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை. அது வேறு வியாதி. கியர் பாக்ஸ் ஆயில் கடைசியாக மாற்றியபோது என்ன ஊற்றினார்கள் என்று பில்லைப் பாருங்கள். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கிற பெட்டியில் கையில் கிடைத்த ஜிஎல்-5ஐ ஊற்றுவது நம் ஊரில் சர்வசாதாரணம். சின்க்ரோ வளையம் உராய்ந்துதான் வேகத்தைச் சமன் செய்யும், வழுக்கல் அதிகமானால் அதன் வேலை கெடும். போதாக்குறைக்கு ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மானங்களில் சில பித்தளையை அரிக்கும்.

இன்னொன்று: ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நியூட்ரலில் ஒரு தடவை கிளட்சை விட்டு மறுபடி மிதித்துப் போட்டுப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் சின்க்ரோ தேய்மானம்தான்.

மூன்றாம்கியர்:
நன்றி எல்லோருக்கும். பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஒரே டப்பாதான். ஆயில் கறுப்புக் காபி நிறம், மினிமம் கோட்டை ஒட்டி நின்றது. மாற்றி நான்கு வருடம் ஆகியிருக்கிறது, பில்லைத் தேடினபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மாஸ்டர் சிலிண்டர் சோதனையில் பெடல் இறங்கவில்லை. ரிவர்ஸ் சோதனையில் சூட்டில் நன்றாகக் கத்தியது, எஞ்சினை அணைத்தால் எல்லாக் கியரும் வெண்ணெய். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கிற பாகம்) ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே ஈரம். நல்லவேளை, ஸ்லேவ் வெளியில் இருக்கிற வண்டி, பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கிற கூடு) இருந்திருந்தால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டியிருக்கும். ஸ்லேவ் மாற்றி, முழு ஆயிலையும் டாட் 4 போட்டு ப்ளீட் செய்தோம், அதாவது குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினோம். ஏபிஎஸ் பெட்டிக்குள் நிற்கிற காற்றை எடுக்க ஸ்கேனர் வைத்து பம்பை ஓடவிட வேண்டியிருந்தது, அதற்காகவே வேறு ஒரு இடத்துக்குப் போனேன். சூட்டில் கியர் இப்போது கரகரப்பதே இல்லை, ரிவர்சும் அமைதி.

டிஸ்க் அளந்ததில் 0.03 வித்தியாசம், தடிமன் இன்னும் நிறைய இருக்கிறது. பேடை லேசாகத் தேய்த்துவிட்டு, காலி ரோட்டில் 80லிருந்து 20க்கு நிற்காமல் பத்து தடவை பிடித்து, பிறகு பிரேக் தொடாமல் ஆறவிட்டேன். உதறல் முக்கால்வாசி போய்விட்டது.

காலை இரண்டாம் கியர் அப்படியேதான் இருக்கிறது. பில்லில் ஜிஎல்-5 என்று எழுதியே இருக்கிறது, கருமலை சொன்னது அப்படியே. ஆயிலை மாற்றினேன், கொஞ்சம் தேவலை, முழுசாகப் போகவில்லை. கருமலை சொன்னபடி கிளட்சை இரண்டு தடவை மிதித்துப் போட்டால் சத்தம் இல்லை, ஆக சின்க்ரோவும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போட்டு ஓட்டிக்கொள்கிறேன். செலவு மொத்தம் 9,400.

ஒரு சின்ன சந்தேகம். பிரேக் ஆயில் பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது, அடுத்த டிராக்குக்கு வைத்துக்கொள்ளலாமா? அல்லது டாட் 5 வாங்கிவிடலாமா, நம்பர் பெரிதாக இருக்கிறதே?

பழைய_கிளட்ச்:
இரண்டும் வேண்டாம். டாட் 5 சிலிகோன், உங்கள் ஆயிலோடு சேராது, ஏபிஎஸ் வண்டிக்கும் ஆகாது. வேண்டுமானால் டாட் 5.1 ஊற்றலாம், பெயர்தான் ஒரே மாதிரி, சரக்கு வேறு. சீல் உடைத்த பாட்டில் மூடி வைத்தாலும் ஈரம் குடிக்கும். டப்பாவைச் சுற்றி வழிந்திருந்தால் இன்றைக்கே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள் தம்பி, பெயிண்ட் உரிந்துவிடும்.