இழை: புதிய சைட்டுக்கு அமைப்புகளைக் 'குளோன்' செய்தல் – தமிழில் என்ன?

நண்பர்களே, கிளவுட் வழி நிர்வகிக்கும் வைஃபை மென்பொருளின் தமிழாக்கத்தை வெள்ளிக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒரு பொத்தான் இழுக்கிறது. புதுக் கிளை திறக்கும்போது பழைய கிளையின் எஸ்எஸ்ஐடி (வைஃபையின் பெயர்), விலேன் எண் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது), ஃபயர்வால் விதி எல்லாவற்றையும் எடுத்துப் போடுகிற பொத்தான். 'நகலெடு' ஏற்கெனவே காப்பிக்குப் போய்விட்டது.
– செ.

'நகல்' அரபிச் சொல், போகட்டும். கல்வெட்டைப் 'படியெடுப்பது' என்றுதானே தொல்லியலார் சொல்கிறார்கள்? 'படியெடு' போதும்.
– மு.

> 'நகல்' அரபிச் சொல்

'வசூல்' கூடத்தான் அரபி. தாலுகா ஆபீசில் நகல் கேட்டு மனுப் போடுகிறோம், படி கேட்டு யாரும் போடுவதில்லை. அது கிடக்கட்டும்; எந்தச் சொல்லானாலும் 'அப்படியே வரும்' என்ற நம்பிக்கையைத் தரக்கூடாது. ஏபிகள், அதாவது வைஃபை அலை தரும் பெட்டிகள், வராது, புதுசாகச் சேர்க்க வேண்டும். விலேன் 30 புதிய கிளையின் சுவிட்ச் டிரங்கில் (பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பில்) இல்லையென்றால் டிஹெச்சிபி வழி தானாக வரும் ஐபி முகவரி கிடைக்காது, லேப்டாப் 169.254 என்று தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டு நிற்கும். உள்நுழைவோரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரில் புது ஏபிகளின் ஐபியைப் பதியாவிட்டால் அது கோரிக்கையைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும்; பயனரோ கடவுச்சொல் தப்பு என்று நினைப்பார். வேறு நாட்டுக் கிளையானால் நாட்டுக் குறியையும் மாற்ற வேண்டும், சேனல்கள் அதைப் பொறுத்தவை.
– இரா.

அப்படியானால் நன்னூல் வழி காட்டுகிறது. முதல்நூலின் முடிபை ஏற்று, பின்னோன் வேண்டிய வேறுபாடும் சேர்ப்பது வழிநூல். பழைய சைட் முதல்தளம், புதியது வழித்தளம். ரேடியஸ் ஐபிதான் இங்கே பின்னோன் சேர்க்கும் வேறுபாடு!
– மு.

ஐயா, நெட்வொர்க் மென்பொருளில் 'வழி' என்று கண்டால் ரூட்டிங் என்றே படிப்பார்கள். 'தளம்' வேறு வெப்சைட்டாகிவிட்டது.

என் பரிந்துரை 'பதியமிடு'. கிளையை மண்ணில் புதைத்து, வேர் விட்டதும் தாய்ச்செடியிலிருந்து வெட்டுகிறோம். அதன்பின் இரண்டுக்கும் தொடர்பில்லை. குளோனும் அதுதான். சிஸ்கோவின் கிளவுட் வைஃபையான மெராக்கியில் குளோன் செய்த நெட்வொர்க்கில், மூலத்தில் பிறகு செய்யும் மாற்றம் வராது. டெம்ப்ளேட்டில் (பல கிளைகளுக்கும் பொதுவான அமைப்புத் தொகுப்பில்) பிணைத்தால் வரும். அதற்கு 'வார்ப்புரு' நிலைத்துவிட்டது. இரண்டையும் குழப்பியவர்தான் தலைமையகத்தில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் கிளைகளில் மாறவில்லை என்று புகார் போடுவார்.
– வ.

வேறுபாடு சரி, அம்மா. ஆனால் ஏணியில் ஏறி ஏபி மாட்டும் தம்பிக்குப் 'பதியமிடு' தோட்ட வேலை. பொத்தானில் அவன் தயங்கக்கூடாது.
– இரா.

'அமைப்பு' சிஸ்டத்துக்கும் ஆகிறது. செட்டிங்ஸ் 'அமைவு' அல்லவா?
– மு.

அதற்குத் தனி இழை திறங்கள், ஐயா. மு. சொன்ன 'படியெடு'வையே எடுத்துக்கொள்கிறேன். பொத்தானில் 'அமைப்புகளைப் படியெடு'. கீழே சிற்றெழுத்தில் 'ஒருமுறை மட்டும். ஏபிகள், நிலையான ஐபிகள் சேரா.' சைட்டுக்கு இப்போதைக்குக் 'கிளை'.
– செ.

கிடங்கும் விடுதியும் கிளையா? 'படியெடு'வில் துண்டித்துக்கொள்ளும் பொருளும் இல்லை. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.
– வ.