‘பேட்டரி ஆயுள்’: ஒரு சொல் போதுமா?

கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள கலைச்சொல் மடற்குழுவினருக்கு வணக்கம். திறன்பேசியின் பேட்டரியைப் பேணுவதற்கான கட்டற்ற செயலி ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதற்கும், வாங்கிய பேட்டரி எத்தனை ஆண்டு பயன்படும் என்பதற்கும் முந்தைய பதிப்பில் ‘ஆயுள்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். அதனால் திரையில் இப்போது தெரியும் வாக்கியம் இது: ‘80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தினால் பேட்டரி ஆயுள் கூடும், ஆயினும் பேட்டரி ஆயுள் சற்றுக் குறையும்.’ இதைப் படித்த என் தந்தையார், ‘கூடுமா, குறையுமா?’ என்று கேட்டார். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தந்து உதவ வேண்டுகிறேன்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘ஆயுள்’ வடசொல் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 38ஆம் குறளிலேயே ‘வாழ்நாள்’ இருக்கும்போது கடன் எதற்கு? ‘பேட்டரி’யும் வேண்டா; ‘மின்கலம்’ என்க. கலம் என்பது பாண்டம், மரக்கலம், அணிகலன் ஆகியவற்றைக் குறிப்பதோடு, பன்னிரண்டு மரக்கால் கொண்ட அளவையின் பெயருமாகும். எனவே கொள்ளும் பொருளும் கொள்ளும் அளவும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பசுமண் கலத்துள், அதாவது சுடாத மண்பானையுள், நீர் பெய்து வைத்தாற்போல என்று 660ஆம் குறள் கூறுகிறதே, சார்ஜ் நில்லாத பழைய மின்கலத்துக்கு அதைவிடப் பொருத்தமான உவமை உண்டோ? ஆகவே நேரத்துக்குக் ‘கலநிறை’ என்றும் ஆண்டுக்குக் ‘கலவாழ்வு’ என்றும் முன்மொழிகிறேன்.

திருச்சியிலிருந்து, இயற்பியல் ஆசிரியர்:

ஐயாவின் உவமையில் ஒரு சிறு திருத்தம். பசுமண் கலத்தில் நீர் தங்குவதில்லை. பழைய லித்தியம் அயனி பேட்டரியில் பானையே சுருங்கிவிடுகிறது. நூறு சதவீதம் என்று திரை காட்டினாலும், அது சுருங்கிய பானையின் நூறு சதவீதம்தான். முழுதாக ஏற்றும்போது கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டையோ அதற்கு மேலோ எட்டுகிறது. அந்த நிலையில், அதிலும் வெப்பத்தில், நெடுநேரம் வைத்திருந்தால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் நடந்து, பயன்படக்கூடிய லித்தியம் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைகிறது. 80இல் நிறுத்தச் சொல்வது இதனால்தான். அன்றைக்கு ஓடும் நேரம் அதனால் குறையத்தான் செய்யும். திரையொளியைக் குறைப்பதோ, சார்ஜ் ஏற்றும் தேவையையே குறைப்பதால், இரண்டுக்கும் நல்லது. இவ்வேறுபாடு சொல்லில் தெரியாவிட்டால் அறிவுரை முழுவதும் வீண். ‘கலநிறை’ என்பதைக் கேட்பவர் எடையென்றே கொள்வார்.

பேட்டரியின் ஒரு சார்ஜ் சுழற்சி என்பதையும் விளக்கிவிடுங்கள். இன்று 60 சதவீதமும் நாளை 40 சதவீதமும் செலவழித்தால் அது ஒரு சுழற்சி. கம்பியைச் செருகிய தடவைகளின் எண்ணிக்கையன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்த விதி, 800 சுழற்சிக்குப் பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவாவது எஞ்ச வேண்டும் என்கிறது. இவ்விதி பேசுவது ஆண்டுக்கணக்கைப் பற்றியே, மணிக்கணக்கைப் பற்றியன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஒரு வாசகர்:

‘சார்ஜ்’ என்பதை எங்கள் பாடநூல்களில் ‘மின்னேற்றம்’ என்றே படித்தோம். தமிழ்நாட்டில் ‘மின்னூட்டம்’ என்கிறீர்கள். பேச்சில் நாங்கள் ‘பற்றரி’ என்போம், நீங்கள் ‘பேட்டரி’ என்பீர்கள். எந்தச் சொல்லை வைத்தாலும், செயலி இரு கரையிலும் பயன்படும் என்பதை மறவாதீர்கள்.

சென்னையிலிருந்து, கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்துபவர்:

நான் இலக்கணம் படித்தவள் அல்லள். கடைக்கு வருபவர்கள் சொல்வதை மட்டும் எழுதுகிறேன். ‘சார்ஜ் நிக்க மாட்டேங்குது’, ‘சாயங்காலம் வரைக்கும் தாங்கல’ என்பார்கள். புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்தால், ‘இது எத்தனை வருஷம் உழைக்கும்?’ என்று கேட்பார்கள். ஒருவரும் இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியானால் ‘தாங்குநேரம்’, ‘உழைப்புக்காலம்’ என்று வைத்தால் என்ன?

மதுரையிலிருந்து, தமிழாசிரியர்:

அம்மையார் இலக்கணம் படிக்கவில்லை என்றது அடக்கம். ‘தாங்குநேரம்’ நல்ல வினைத்தொகை; தாங்கிய, தாங்குகின்ற, தாங்கும் என முக்காலமும் அதனுள் மறைந்திருக்கின்றன. நேற்றுத் தாங்கிய நேரத்தையும் இனித் தாங்கவிருக்கும் நேரத்தையும் செயலி அந்த ஒரு சொல்லாலேயே காட்டலாம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயர்களிலுள்ள ‘தாங்கல்’ நீரைத் தேக்கிவைக்கும் ஏரியைக் குறிப்பதையும் நோக்குக; மின்கலத்தையே ‘மின்தாங்கல்’ என்று அழைக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் ‘உழைப்புக்கால’த்தை ஏற்க இயலாது. உழைப்பு உயிருள்ளவற்றின் வினை. காலம் என்பதும் வடசொல்லோ என்ற ஐயத்துக்குரிய சொல்.

சென்னையிலிருந்து:

செருப்பு உழைக்கிறதே, ஐயா.

திருச்சியிலிருந்து:

‘மின்தாங்கல்’ இந்த வெள்ளிக்கிழமைக்கு வேண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். போகிற போக்கில் ஒன்று: பாடநூல் முறைப்படி மின்கலம் தனி ஒன்று, பல சேர்ந்தால் மின்கல அடுக்கு. பல திறன்பேசிகளில் இருப்பது ஒரே கலம் என்பதால் ‘மின்கலம்’ தவறாகாது; ஆயினும் திறன்பேசியின் அமைப்புகள் பக்கத்தில் மக்கள் தேடுவது ‘பேட்டரி’யைத்தான்.

கோவையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. ‘தாங்குநேரம்’ என்பதை யாரும் மறுக்கவில்லை. இரண்டாவதற்கு ‘உழைப்புக்காலம்’ எனக்குப் பிடித்திருந்தும், தனி மடலில் எழுதிய நால்வரும் ‘ஆயுள்’ போதும் என்றார்கள், நேரமும் இல்லை. எனவே வாக்கியம் இப்படிப் போகிறது: ‘80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தினால் பேட்டரியின் ஆயுள் கூடும், தாங்குநேரம் சற்றுக் குறையும்.’ என் தந்தையார் இதைப் படித்துவிட்டு, தமக்குத் தாங்குநேரமே முக்கியம் என்று சொல்லி நூறு வரை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

மதுரையிலிருந்து:

‘ஆயுள்’ குறித்த என் மறுப்பைப் பதிவு செய்க. அவ்வாக்கியத்தில் ‘சார்ஜ்’ எஞ்சியிருப்பதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.