காதணி விழாவுக்கு எத்தனை பெட்டி கலர்?

குழு: சோடாக் கம்பெனி வீடு
வியாழக்கிழமை

கவிதா, காலை 7.02
ஞாயிற்றுக்கிழமை விழாவில் குடிக்கக் கொடுக்கும் கலர் எத்தனை பெட்டி வேண்டும் என்று மொத்தக் கடைக்காரர் கேட்கிறார். இன்று மாலைக்குள் முன்பணம் கொடுத்தால்தான் சனிக்கிழமை இரவே மண்டபத்தில் இறக்குவாராம். பெரியவர்கள் ஒரு முடிவு சொல்லுங்கள்.

கார்த்தி, 7.05
தாய்மாமன் சீரோடு பத்துப் பெட்டி இறக்குவதாக நான் போன மாதமே சொல்லிவிட்டேன்.

சித்தி, 7.09
பத்துப் பெட்டியும் வேண்டாம், பாதிப் பெட்டியும் வேண்டாம். உன் அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவு நேற்று வந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.4 என்று போட்டிருக்கிறார்கள்.

மதுரை அத்தை, 7.10
ஐயோ, தம்பி! இதை ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை?

சித்தப்பா, 7.14
சொல்லும்படியாக ஒன்றுமில்லை, அக்கா.

தேன்மொழி, 7.16
சின்ன மாமா, 6.5ஐத் தொட்டாலே நீரிழிவு என்றுதான் கணக்கு. ஒரு நாளைக்குக் கலர் எத்தனை பாட்டில் குடிக்கிறீர்கள்?

சித்தப்பா, 7.21
ஒன்று.

சித்தி, 7.21
கண்ணுக்குத் தெரிந்து ஒன்று. தெரியாததைப் பேரனிடம் கேளுங்கள்.

கவிதா, 7.23
(புகைப்படம்)
கடையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து அவன் இழுத்துக்கொண்டு வந்தது இது. இரண்டேகால் லிட்டர் பாட்டிலில் நான்கு விரல் உயரம்தான் மிச்சம்.

சித்தப்பா, 7.25
அது வாடிக்கையாளர்களுக்காக வாங்கி வைத்தது.

கார்த்தி, 7.25
பெயின்ட் கடைக்கு வந்து கலர் காட்டுங்கள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துக் காட்டுகிறீர்களா, அப்பா?

பெரியப்பா, 7.48
இக்குழுவில் முழு வாக்கியத்தில்தான் எழுத வேண்டும் என்று பொங்கலன்று நாம் வகுத்த விதியை, 'ஒன்று' என்ற ஒற்றைச் சொல்லால் சின்னவன் மீறியதை முதலில் குறிப்பிட விரும்புகிறேன். அந்த ஒற்றைச் சொல்லும் பொய் என்பது இரண்டாவது குற்றம். அது நிற்க. நம் ஐயா இருபத்திரண்டு ஆண்டுகள் சோடாக் கம்பெனி நடத்திய வீட்டில், சோடாவுக்கும் கலருக்கும் உள்ள வேறுபாட்டை இன்றைய பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கிறது. சோடா என்பது கரியமில வாயுவை அழுத்திக் கரைத்த வெறும் தண்ணீர். அதில் சர்க்கரைப் பாகும் சாயமும் வாசனையும் சேர்த்தால் அது கலர். கோலி வைத்த அந்தப் பாட்டிலுக்கு ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்றார். நீரை நிரப்பி, வாயுவை ஏற்றி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளிருக்கும் வாயுவே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிக்கொள்ளும். தனியாக மூடியே தேவையில்லை.

அப்பா, 7.50
அண்ணா, எத்தனை பெட்டி என்பதுதான் கேள்வி.

பெரியப்பா, 8.03
அதற்குத்தான் வருகிறேன். ஊரெல்லாம் கலர் விற்ற அந்த மனிதர், வெள்ளிக்கிழமை இரவு கணக்கு முடித்து, ஈரச் சாக்குக்கு அடியிலிருந்து ஒரே ஒரு பன்னீர் சோடாவை எடுத்து, மரக்கட்டையால் கோலியைத் தட்டி உள்ளே இறக்கி, அந்தச் சத்தத்துக்கே நாங்கள் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்க, பிள்ளைகள் மூவருக்கும் பகிர்ந்து கொடுப்பார். இருநூறு மில்லி இருந்தால் அதிகம். அடுத்த பாட்டில் அடுத்த வெள்ளிக்கிழமைதான். இன்று இவன் மறைத்து வைத்திருந்த ஒரு பாட்டிலில் அப்படிப் பதினோரு பாட்டில்கள் அடங்கும்.

மதுரை அத்தை, 8.06
பிள்ளைகள் மூவர் இல்லை, அண்ணா, நால்வர். பெண்பிள்ளை என்பதால் கடைசி வாய்தான் எனக்குக் கிடைக்கும். அதற்குள் காற்றெல்லாம் போய்ப் பன்னீர் வாசமும் உங்கள் மூவரின் எச்சிலும்தான் மிஞ்சியிருக்கும். கணக்கில்கூட என்னை விட்டுவிட்டீர்களே!

பெரியப்பா, 8.07
பிழையை ஒப்புக்கொள்கிறேன், அம்மா.

நான், 8.10
அத்தையின் சர்க்கரை அளவு இன்றுவரை சரியாக இருப்பதன் இரகசியம் அந்தக் கடைசி வாய்தானோ?

தேன்மொழி, 8.31
கணக்கை நான் சொல்கிறேன். கோலா வகைப் பானத்தில் நூறு மில்லிக்கு ஏறக்குறைய பத்தரை கிராம் சர்க்கரை இருக்கிறது. பாட்டிலின் பின்புறத்திலேயே அச்சடித்திருப்பார்கள். கால் லிட்டருக்கு ஆறு, ஏழு தேக்கரண்டி ஆகிறது. அந்தப் படத்தில் உள்ள பாட்டில் முழுவதற்கும் ஏறக்குறைய கால் கிலோ. உணவிலும் பானத்திலும் நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஐந்து விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம். ஆகவே ஒரு சின்ன பாட்டிலோடு அன்றைய பங்கு தீர்ந்தது. காலைக் காப்பிக்கும் சேர்த்து இடமில்லை.

சித்தி, 8.33
அவருக்குக் காப்பி மூன்று வேளை.

சித்தப்பா, 8.40
நான் வெளிநாட்டுக் கலர் தொட்டு எத்தனை ஆண்டாகிறது தெரியுமா? ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து, 2017 மார்ச் ஒன்றாம் தேதி முதல் அவற்றை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தபோது நானும் விட்டேன். அன்றிலிருந்து பவண்டோ மட்டும்தான். அதைத் தயாரிக்கும் காளிமார்க் 1916இல் நம் விருதுநகரில் தொடங்கிய கம்பெனி.

கார்த்தி, 8.41
கணையத்துக்கு ஊர்ப்பற்று உண்டா என்று மதினிதான் சொல்ல வேண்டும்.

தேன்மொழி, 8.44
எந்த ஊர்க் கலராக இருந்தாலும் உள்ளே போனால் சர்க்கரைதான், மாமா. ஐந்து இட்லி தின்றால் வயிறு போதும் என்று சொல்லும். குடிக்கிற சர்க்கரைக்கு அப்படிச் சொல்லாது. அதனால்தான் கலரும் குடித்துவிட்டுச் சாப்பாட்டையும் குறைக்காமல் சாப்பிட முடிகிறது.

அப்பா, 8.52
பிரியாணிக்குப் பிறகு சோடா குடித்தால் செரிக்கும் என்கிறார்களே, அதாவது உண்மையா?

தேன்மொழி, 8.55
ஏப்பம் வந்தால் செரித்துவிட்டது என்று நினைக்கிறோம். உள்ளே போன வாயு வெளியே வருகிறது, அவ்வளவுதான். சர்க்கரை இல்லாத வெறும் சோடா குடியுங்கள், தடையில்லை. ஆனால் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் நீங்கள் எலுமிச்சை உப்புச் சோடா என்று ஆரம்பிக்காதீர்கள்.

அப்பா, 8.56
இந்தக் கேள்வியை நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.

மதுரை அத்தை, 9.20
பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் விழாவில் கலர் இல்லை என்றால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? 1994இல் தேன்மொழியின் காதணி விழாவில், சம்பந்தி வரிசைக்கெல்லாம் குளிர்ந்த கலர் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் கையில் மட்டும் சூடான வெறும் சோடாவைக் கொடுத்தார்கள். பந்தியில் உட்காராமலே எழுந்து போனவர், இரண்டு தீபாவளிக்கு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. யார் கொடுத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

சித்தப்பா, 9.22
பனிக்கட்டி தீர்ந்துவிட்டது, அக்கா. இதை முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா, 9.31
சர்க்கரை இல்லாத பானத்தைத்தான் சின்னவன் அன்றே மாப்பிள்ளைக்கு அளித்திருக்கிறான் என்று இன்று நாம் பொருள் கொள்ளலாம்.

மதுரை அத்தை, 9.33
உங்கள் மாப்பிள்ளை இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை.

கவிதா, 10.15
கடைக்காரர் இரண்டாவது முறை அழைத்துவிட்டார். கலருக்குப் பதில் என்ன கொடுப்பது என்றாவது சொல்லுங்கள்.

சித்தி, 10.18
நீர்மோர் கொடுக்கலாம். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தட்டிப்போட்டு, உப்பைக் குறைத்து, பெரிய பித்தளை அண்டாவில் கரைத்து வாசலில் வைத்துவிட்டால் வெயிலில் வருகிறவர்கள் தாமாகவே எடுத்துக் குடிப்பார்கள்.

கார்த்தி, 10.20
நன்னாரி சர்பத்தும் வைக்கலாமே.

தேன்மொழி, 10.24
நன்னாரி வேர் நல்லதுதான். அதைவிட அதிகமாகச் சீனிப்பாகு அதில் இருக்கிறது. பானகத்தில் வெல்லம், பதநீரில் இயற்கையாகவே இனிப்பு. சின்ன மாமாவுக்கு இவை எல்லாம் கலரின் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்தான்.

சித்தப்பா, 10.30
சர்க்கரை இல்லாத டயட் கலர் என்று விற்கிறார்களே, அதையும் குடிக்கக் கூடாதா?

தேன்மொழி, 10.42
எடையைக் குறைப்பதற்கு அந்த மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களைப் பற்றியது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கால் கிலோ சர்க்கரைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் நாக்கு அதே தித்திப்பைத்தான் தேடிக்கொண்டிருக்கும். இப்படிச் செய்யுங்கள்: பெரிய பாட்டில் வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். இந்த வாரம் இருநூறு மில்லி பாட்டில், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்த வாரம் இரண்டு முறை. பிறகு தாத்தா கணக்கு, வெள்ளிக்கிழமை மட்டும். கடையில் நாலு மணிக்குக் கை தானாக அந்தப் பக்கம் போகும்போது, பக்கத்துக் கடையில் வெறும் சோடாவில் எலுமிச்சை பிழிந்து வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

சித்தப்பா, 10.50
வெள்ளிக்கிழமை கணக்கு என்றால் அந்தப் பாட்டிலையும் நால்வரும் பகிர்ந்துகொள்ள வேண்டுமா?

மதுரை அத்தை, 10.51
வேண்டும். இந்த முறை முதல் வாய் எனக்கு.

பெரியப்பா, 11.10
விவாதத்தைத் தொகுக்கிறேன். வாசலில் நீர்மோர். பத்துப் பெட்டி என்பது ஐந்தாகக் குறைகிறது. அவையும் இருநூறு மில்லி பாட்டில்களாகவே இருக்க வேண்டும். பிள்ளைகள் உட்காரும் பந்திக்குக் கலர் போகக் கூடாது. மாப்பிள்ளைக்கு மட்டும் நன்றாகக் குளிர்ந்த பாட்டில் ஒன்றைச் சின்னவன் தன் கையாலேயே கொடுக்க வேண்டும்.

கார்த்தி, 11.12
பெரியப்பா, தாய்மாமன் சீரை ஐந்து பெட்டியாகக் குறைத்தால் என் மரியாதை என்னாவது?

சித்தி, 11.13
மீதிப் பணத்துக்கு இளநீர் இறக்கு.

அப்பா, 11.15
இளநீரிலும் இனிப்பு இருக்கிறதே, தேன்மொழி?

தேன்மொழி, 11.16
கலரோடு ஒப்பிட்டால் குறைவுதான், மாமா. இனிமேல் நான் வேலைக்குப் போகிறேன்.

கவிதா, மாலை 4.40
கடைக்காரரிடம் ஆறு பெட்டி என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டேன். ஐந்தாகக் கொடுக்க முடியாது, ஆறு பெட்டியாவது இருந்தால்தான் வண்டி வரும் என்கிறார். இளநீர் விலையைக் கார்த்தி இன்னும் விசாரிக்கவில்லை.

சித்தி, 4.43
அந்த ஆறாவது பெட்டி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

அப்பா, 4.44
எங்கள் வீட்டிலும் இடமில்லை.

சித்தப்பா, 4.47
இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் நிறைய இடம் இருக்கிறது.